பழைய மஸ்டாங்கின் எஞ்சினும் வயரிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு மஸ்டாங் மசில் காரா (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்), போனி காரா (கச்சிதமான ஸ்போர்ட்டி கார்) என்ற சண்டை அமெரிக்காவில் அறுபது வருடமாக ஓய்ந்தபாடில்லை. அது இங்கே வேண்டாம். இந்தப் பக்கம் 1965 முதல் 1968 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கில் 289 அல்லது 302 கன அங்குல வி8 எஞ்சின் உள்ளவர்களுக்கானது. காரை அன்றாடம் ஓட்ட வேண்டும், கொஞ்சம் வேகமும் வேண்டும், நடுவழியில் நிற்கவும் கூடாது என்பவர்களை மனதில் வைத்து எழுதியது. கண்காட்சிக்கு அச்சு அசல் கார் வேண்டும் என்பவர்கள் இதில் பாதியைத் தொடவே கூடாது.

என் காரில் எந்த எஞ்சின் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டி எண்ணின் (நம்பர் பிளேட்டில் இருப்பது அல்ல, தொழிற்சாலை பொறித்த அடையாள எண்) ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 1967இல் சி என்றால் இரண்டு பேரல் (காற்று நுழையும் துளை) கார்புரேட்டர் கொண்ட 289, 200 குதிரைசக்தி. ஏ என்றால் நான்கு பேரல், 225. கே என்றால் 271 குதிரைசக்தி கொண்ட உயர்திறன் 289. அதன் உதிரிகளைத் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். காரின் மதிப்பே அவற்றில்தான் இருக்கிறது. 1968இல் வந்த ஜே என்பது நான்கு பேரல் 302, 230 குதிரைசக்தி. இவையெல்லாம் அந்தக் கால 'கிராஸ்' கணக்கு. ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், முழு சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து அளந்தவை. இன்றைய கார்களின் எண்களோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

வண்டி எண் சொல்வது தொழிற்சாலையில் போட்ட எஞ்சினை. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணையும் பாருங்கள். 1964 ஆகஸ்ட் வரை வந்த பிளாக்குகளில் பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஐந்து போல்ட், பிறகு வந்தவற்றில் ஆறு. ஐந்து போல்ட் பிளாக்குக்குப் புதிய கியர்பாக்ஸ் எதுவும் நேரடியாகப் பொருந்தாது. அதே காலத்து முதல் கார்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோதான் இருந்தது. அவற்றின் வயரிங் தனிக்கதை.

எஞ்சினை முதலில் செய்வதா, வயரிங்கை முதலில் செய்வதா?

வயரிங்கை. இதில் இரண்டாம் பேச்சே இல்லை. இந்தக் கார்களில் 'கார்புரேட்டர் கோளாறு' என்று கழற்றப்படுவதில் பெரும்பங்கு, பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் போதாமலோ எர்த் சரியில்லாமலோ வருவதுதான். காருக்கு வந்த ஆல்டர்னேட்டர் 38 அல்லது 42 ஆம்பியர். வயர் தடிமன், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் அந்த அளவுக்கே வடிவமைத்தவை. அதன் மேல் மின்விசிறி, மின்சார பெட்ரோல் பம்ப், இன்ஜெக்‌ஷன் என்று ஏற்றினால் பழைய வயர் சூடாகி டேஷ்போர்டுக்குள் உருகும்.

ஆனால் செலவு செய்யும் முன் எஞ்சின் தகுதியானதா என்று ஒரு கம்ப்ரெஷன் சோதனை செய்துவிடுங்கள். எஞ்சின் சூடாக, எட்டுப் பிளக்கும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் அளவு ஏறுகிறதா? ரிங் தேய்மானம். ஏறவில்லையா? வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். தேய்ந்த எஞ்சினுக்கு நான்கு பேரல் கார்புரேட்டர் வாங்குவது வீண்.

எர்த் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, எத்தனை எர்த் வேண்டும்?

குறைந்தது மூன்று. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த கேபிள் ஒன்று. சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலான தகடு) பின்னல் பட்டை ஒன்று. பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு 8 அல்லது 6 கேஜ் வயர் ஒன்று (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). காரை பெயின்ட் அடித்த பிறகு காணாமல் போவது இரண்டாவது பட்டைதான். அது இல்லையென்றால் டேஷ்போர்டின் எர்த் திராட்டில் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். விளக்கு போட்டால் மீட்டர் முள் ஆடுவதும் ஹாரன் மங்கலாக ஒலிப்பதும் இதனால்தான்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே) இன்னொன்றை பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளோ இணைப்போ மோசம். அதேபோல் எல்லா விளக்கும் எரிய, பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, அதற்குப் பிறகுதான் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசவேண்டும்.

ஆல்டர்னேட்டர் எது போடலாம்?

ஃபோர்டு 1990களில் மஸ்டாங்கில் கொடுத்த 3ஜி என்ற 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டரையே பெரும்பாலோர் போடுகிறார்கள். ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் ரேடியேட்டர் பக்கம் தொங்கும் பழைய வெளி ரெகுலேட்டருக்கு வேலையில்லை. பிராக்கெட்டில் சிறிய மாற்றமும், பெல்ட் ஓடும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் வர ஒன்றிரண்டு ஸ்பேசரும் தேவைப்படும்.

இணைப்பு இப்படி. பெரிய கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பேட்டரி பக்கத்துக்கு 4 கேஜ் வயர், நடுவே 150 அல்லது 175 ஆம்பியர் மெகா ஃபியூஸ். மூன்று வயர் பிளக்கில் ஏ என்பது பேட்டரிக்குப் போகிறது. மின்னழுத்தத்தை உணர்வது அதுதான். எஸ் என்பது ஆல்டர்னேட்டரின் பக்கவாட்டில் உள்ள ஒற்றை முனைக்கே திரும்பப் போகும் குட்டி வயர். ஐ என்பது சாவி போட்டதும் 12 வோல்ட் வரவேண்டியது. டேஷில் சார்ஜ் விளக்கு உள்ள காரில், பழைய ரெகுலேட்டர் பிளக்குக்கு வந்த பச்சை-சிவப்பு வயரை அப்படியே இதில் கொடுக்கலாம். விளக்குக்கு இணையாக சுமார் 500 ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும்; பல்பு பியூஸ் போனாலும் சார்ஜ் நிற்காது.

அடிக்கடி நடக்கும் தவறு: புது ஆல்டர்னேட்டரைப் போட்டுவிட்டு பழைய 10 கேஜ் சார்ஜ் வயரையே விட்டுவிடுவது. பேட்டரி ஒருநாள் இறங்கிக் கிடக்கும்போது ஆல்டர்னேட்டர் 80, 90 ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளும், வயர் புகையும். டேஷில் ஆம்பியர் மீட்டர் உள்ள கார்களில் அந்த மீட்டர் இனி உண்மை சொல்லாது. ஒரு வோல்ட் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் நலம்.

ஒற்றை வி-பெல்ட் 130 ஆம்பியரைத் தாங்குமா?

முழுச் சுமையில் தாங்காது, வழுக்கிக் கிறீச்சிடும். 70, 80 ஆம்பியர் வரை நன்றாக இறுக்கிய, அகலம் சரியான பெல்ட் சமாளிக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரட்டை பெல்ட் அல்லது தட்டை பெல்ட்டுக்கு மாறுங்கள்.

பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். சில நாள் ஓடி நின்றுவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாயிண்ட் செட் என்பது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிறு சுவிட்ச். அதற்கு முழு 12 வோல்ட் ஆகாது; கருகிவிடும். அதனால் ஃபோர்டு, சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வழியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரெசிஸ்டன்ஸ் வயரை டேஷுக்கு அடியில் வைத்தது. எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட்டுக்கு வெகு கீழே, சில நேரம் 7 வோல்ட் சுற்றித்தான் வரும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் சொலினாய்டின் ஐ முனையிலிருந்து பழுப்பு வயர் வழியாக முழு மின்னழுத்தம் கிடைக்கும். பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் போன்ற மாட்யூலை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் வைத்து அதன் சிவப்பு வயரை காயில் பிளஸ்ஸிலேயே கொடுத்தால், அதற்கும் இந்தக் குறை மின்னழுத்தம்தான் போகும். செல்ஃபில் பிடிக்கும், சாவியை விட்டதும் அணையும். அல்லது சூடானதும் திணறும்.

டேஷைக் கிழித்து அந்த வயரைத் தேட வேண்டியதில்லை. ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போதும். காயில் பிளஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்த பழைய வயரை (இளஞ்சிவப்பும் பழுப்பும் சேர்ந்து வருவது) எடுத்து ரிலேயில் 86 என்று எழுதிய முனையில் கொடுங்கள். 85 எர்த். சொலினாய்டின் பேட்டரி பக்கத்திலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30க்கு. 87இலிருந்து காயில் பிளஸ்ஸுக்கும் மாட்யூலின் சிவப்புக்கும். ரிலேயின் சுருள் இழுப்பது ஒரு ஆம்பியரில் சிறு பங்கு. ரெசிஸ்டன்ஸ் வயரால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. 1967, 68இல் தொழிற்சாலை டேக்கோமீட்டர் வந்த கார்களில் காயிலின் மின்சாரமே டேக்கோ வழியாகத்தான் போகும். ரிலே போட்டால் அந்த டேக்கோ செத்துவிடும். அதை மாற்று வகையாக உள்ளே திருத்தித் தருபவர்களிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து காயில். வி8க்கான முதல் வகை இக்னைட்டருக்கு காயிலின் பிரைமரி 1.5 ஓமுக்குக் குறையக் கூடாது. 0.6 ஓம் காயில் இரண்டாம் வகை மாட்யூலுக்கானது. அதை முதல் வகையோடு சேர்த்தால் மாட்யூல் வெந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு சாவியை ஆனில் வைத்தபடி பாட்டுக் கேட்பதும் அதே முடிவைத் தரும். ரேடியோவுக்கு அக்சஸரி நிலை இருக்கிறது. பழைய பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருங்கள். இடைவெளி 0.017 அங்குலம். சாலையோரம் பத்து நிமிட வேலை. ரிலே வழியே முழு 12 வோல்ட் வருவதால் பாயிண்ட் செட்டோடு நெடுந்தூரம் போகாமல், வீடு சேர்வதோடு நிறுத்துங்கள்.

டைமிங் எவ்வளவு வைக்க வேண்டும்?

தொழிற்சாலை அளவு 289க்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6° முன்னதாக. இன்றைய பெட்ரோலுக்கும் நல்ல கார்புரேட்டருக்கும் ஐடிலில் 10 முதல் 12°, 3,000 சுற்றில் மொத்தம் 34 முதல் 36° என்பது வழக்கம். டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும் வேக்யூம் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். எஞ்சினில் தட்டும் சத்தம் (நாக்கிங்) கேட்டால் 2° பின்வாங்குங்கள்.

டைமிங் லைட்டை நம்பும் முன் டாம்பரை நம்பலாமா என்று பாருங்கள். கிராங்க் முன்னால் இருக்கும் டாம்பரின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருப்பது. ரப்பர் காய்ந்தால் வளையம் நழுவும், கோடும் நகரும். ஒன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு இரு பக்கமும் கையால் சுற்றி, இரண்டு குறிகளுக்கும் நடுவே பூஜ்யம் விழுகிறதா என்று சரிபாருங்கள். நழுவியிருந்தால் டாம்பரை மாற்றுவதுதான் வழி.

ஹெட்லைட் மங்கல். எல்இடி போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் ரிலே போடுங்கள். ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ் சுவிட்சு, காலடி டிம்மர் சுவிட்சு, அறுபது வருட வயர் எல்லாம் தாண்டி வருகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பழைய வயர்கள் அவற்றை இயக்க மட்டும். பல்புக்கு 12 கேஜ் புது வயர், புது எர்த். சுவிட்சுக்குள் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர் சூடாகி விளக்கு விட்டுவிட்டு அணைவதும் இதோடு தீரும்.

பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் மீட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் கடைசிவரை ஏறி நிற்கின்றன. எஞ்சின் போய்விட்டதா?

இல்லை. மூன்றுக்கும் சேர்த்து மீட்டர் பெட்டியின் பின்னால் சிறிய மின்னழுத்த ரெகுலேட்டர் ஒன்று உண்டு. 12 வோல்ட்டைத் தட்டித் தட்டி சராசரி 5 வோல்ட்டாக்குவது அதன் வேலை. அதன் எர்த் விட்டாலோ ஒட்டிக்கொண்டாலோ முழு 12 வோல்ட் மீட்டருக்குள் பாயும். உடனே சாவியை அணையுங்கள், மீட்டர்கள் எரிந்துவிடும். எலக்ட்ரானிக் மாற்று ரெகுலேட்டர் மலிவாகவே கிடைக்கிறது.

எந்த கார்புரேட்டர்? பெரிதாகப் போட்டால் சக்தி கூடுமா?

கூடாது. ஒரு கணக்கு: எஞ்சின் கன அங்குலத்தை அதிகபட்ச சுற்றால் பெருக்கி 3,456ஆல் வகுங்கள். 289க்கு 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 502 கன அடி காற்று. நிஜத்தில் சிலிண்டர் 85 சதவீதம் போல்தான் நிரம்பும், அப்படியானால் 426. 302க்கும் 450ஐத் தாண்டாது. 500 கன அடி போதும், 600 தாராளம். 750 போட்டால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் குறைந்து, பெடலை அழுத்தியதும் ஒரு கணம் திக்கும்.

எடல்பிராக் பெர்ஃபார்மர் போன்ற இரட்டைத் தள இன்டேக் மேனிஃபோல்டும் 600 கன அடி கார்புரேட்டரும் சாலைக் காருக்கு ஏற்ற ஜோடி. பெட்ரோல் அழுத்தம் 5 முதல் 6 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் ஊசி வால்வு மூடாமல் கார்புரேட்டர் வழியும். மேனிஃபோல்ட் மாட்டும்போது முன்னும் பின்னும் வரும் கார்க் பட்டைகளைத் தூக்கிப் போடுங்கள், நழுவிக்கொண்டு எண்ணெய் கசியும். அந்த இடத்தில் கால் அங்குல உயரத்துக்கு சிலிகான் கோடு இழுத்து, அது தோல் கட்டியதும் மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் 23 முதல் 25 பவுண்டு-அடி வரை இறுக்கி, எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கேம் ஷாஃப்ட் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ஐடிலில் 'லொடக் லொடக்' என்று கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். டேப்பெட் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்து, வால்வு திறந்திருக்கும் நேரம் 210 முதல் 220° வரை உள்ள கேம் சாலைக்குப் போதும். அதைத் தாண்டினால் ஐடில் வேக்யூம் விழும். சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எப்போது கியர் மாற்றுவது என்பதை வேகத்தோடு வேக்யூமையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. வேக்யூம் குறைந்தால் அது பெடலை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு தாமதமாக, முரட்டுத்தனமாக மாற்றும். பவர் பிரேக்கும் கல்லாகும்.

தட்டை டேப்பெட் கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடமாவது ஓட விடுங்கள், ஐடிலில் விடவே கூடாது. ஐடிலில் கேமின் மேல் தெறிக்கும் எண்ணெய் போதாது. துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் ஊற்றுங்கள். இன்றைய சாதாரண எண்ணெய்களில் அது குறைவு, கேமின் மேடு (லோப்) மழுங்கிவிடும். 1966 நடுவிலிருந்து வந்த ரெயில் வகை ராக்கரோடு (வால்வை அழுத்தும் கை) அதிக லிஃப்ட் கேம் போட்டால் ராக்கரின் விளிம்பு ஸ்பிரிங் ரிட்டெய்னரில் இடிக்கும். ராக்கரையும் சேர்த்து மாற்ற பட்ஜெட் வைத்துக்கொள்ளுங்கள்.

பிந்தைய மஸ்டாங்கின் 5.0 எஞ்சினை அப்படியே தூக்கி வைக்கலாமா?

வைக்கலாம், நல்ல யோசனையும்கூட. 1985 முதல் வந்த 5.0 ஹெச்.ஓ.வில் ரோலர் கேம். எஞ்சின் மவுண்ட் பொருந்தும். சிக்கல் ஒளிந்திருப்பது வேறு இடங்களில்.

பேலன்ஸ், அதாவது டாம்பரிலும் ஃபிளைவீலிலும் இருக்கும் சமன் எடை, முதலாவது. பழைய 289, 302க்கு 28 அவுன்ஸ், பிந்தைய 5.0க்கு 50 அவுன்ஸ். பழைய டாம்பரையோ ஃபிளைவீலையோ புது கிராங்கில் மாட்டினால் எஞ்சின் குலுங்கியே பேரிங்கைத் தின்றுவிடும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) இரண்டாவது: 289க்கு 1-5-4-2-6-3-7-8, 5.0 ஹெச்.ஓ.வுக்கு 1-3-7-2-6-5-4-8. இதைத் தீர்மானிப்பது கேம்தான், பிளாக் அல்ல. டிஸ்ட்ரிப்யூட்டர் கியர் ரோலர் கேமுக்கு எஃகு. பழைய வார்ப்பிரும்புக் கியரைப் போட்டால் சில நூறு மைலில் அரைந்து தூளாகி எண்ணெயில் கலக்கும். எண்ணெய்த் தொட்டி முன்பக்கக் குழி கொண்டதாக, அதற்கேற்ற பிக்-அப் குழாயோடு இருக்க வேண்டும். இயந்திர பெட்ரோல் பம்பும் டிப்ஸ்டிக்கும் பொருந்த பழைய வகை டைமிங் கவர் வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன்?

ஹோலி ஸ்னைப்பர் போன்ற திராட்டில் பாடி அமைப்புகள் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும். மேனிஃபோல்டுக்கு மேலே எளிது, கீழேதான் வேலை. பெட்ரோல் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. அருகில் வேண்டும் என்பதால் டேங்க்குக்குள் பம்பும், ரிட்டர்ன் குழாயும், இன்ஜெக்‌ஷன் தர ரப்பர் குழாயும் வேண்டும். வெளியே தொங்கும் பம்ப் வெயிலில் காற்றுக்குமிழி பிடித்து அலறும்.

கம்ப்யூட்டரின் பிளஸ், மைனஸ் இரண்டும் நேராக பேட்டரிக்கே போகட்டும். சாவி வயர் செல்ஃப் அடிக்கும்போதும் 12 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் அந்த நேரம் மட்டும் செத்துவிடும். திட உலோகப் பிளக் வயர்களும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் வானொலி இரைச்சலைக் கிளப்பி கம்ப்யூட்டரைக் குழப்பும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்றை 'பெட்ரோல் குறைவு' என்று எண்ணி அது மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றும். 'இன்ஜெக்‌ஷன் புகைக்கிறது' என்பவர்கள் முதலில் ஹெடர் கேஸ்கட்டைப் பாருங்கள்.

மின்விசிறி வேண்டுமா?

நெரிசலில் சூடாகிறது என்றால் முதலில் விசிறியைச் சுற்றிக் கூடு (ஷ்ரவுட்) இருக்கிறதா என்று பாருங்கள். கூடும் நல்ல மூன்று வரிசை ரேடியேட்டரும் 180° ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். மின்விசிறிதான் வேண்டும் என்றால் 30 ஆம்பியர் ஓட்டம், தொடங்கும்போது அதைவிட அதிகம் என்று கணக்கிட்டு 10 கேஜ் வயரும் 40 ஆம்பியர் ரிலேயும் போடுங்கள். ஆல்டர்னேட்டரை மாற்றாமல் இதில் இறங்காதீர்கள்.

ஈயமில்லாத பெட்ரோலால் வால்வு கெடுமா?

அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1இல் முழுதாக நின்றது. மிதமாக ஓட்டும் காரில் உடனே ஒன்றும் ஆகாது. ஹெட்டை எப்படியும் கழற்றும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். அதைவிட அவசரம் எத்தனால்: பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயாஃப்ராமும் அதில் ஊறிப் பிளக்கும், கசிவது சூடான மேனிஃபோல்டின் மேல்.

300 குதிரைசக்தி ஆக்கினால் மற்ற பாகங்கள் தாங்குமா?

வி8 கார்களில் வந்த 8 அங்குல பின் ஆக்சில் சாதாரண டயரோடு தாங்கும். ஒட்டும் ரேஸ் டயரோடு தாங்காது. பிரேக் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 1966 வரை மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967இல்தான் இரட்டை அறை வந்தது. முன்னால் டிஸ்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் மாட்டிய பிறகு கேம் ஷாஃப்ட் பெட்டியைப் பிரியுங்கள்.